கை எப்படி இருக்கு?

ஒன்பது. இந்த எண்ணை மறக்க வேண்டாம். அந்தச் சலவை ஆலையில் அவள் மேஸ்திரியாக இருந்த முதல் ஒன்பது வருடங்களில், ரோலர் பகுதியில் ஒரு பெண்ணின் விரல்கூட வெந்ததில்லை.

ஆஸ்பத்திரிகளுக்கு விரிப்பு துவைத்துக் கொடுக்கும் ஆலை அது. துவைத்துப் பிழிந்த விரிப்பு ஈரத்தோடு ரோலருக்கு வரும். ரோலர் என்றால் உள்ளே நீராவி ஓடுகிற இரும்பு உருளை. கட்டிலைவிட நீளம், தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் சூடு. இரண்டு ஓரத்திலும் ஒருத்தியாக நின்று, ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, ஒரே வாகில் விரிப்பை உள்ளே விட வேண்டும். விரல் போகாமலிருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. துணி சுருண்டுவிட்டால் கம்பியைத் தூக்கிவிட்டு, கையால் நீவித்தான் விடுவார்கள். மெஷினை நிறுத்தி நீவ நேரம் கொடுப்பதில்லை. கம்பியைத் தூக்குகிற அந்த நொடியில் புத்தி கையில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் போச்சு.

இதைப் புரிந்துவைத்திருந்தவள் அவள். ஆலையில் அவளுக்குப் பேர் நீராவி. கோபம் வந்தால் பல்லிடுக்கில் உஸ்ஸென்று மூச்சு விடுவாள், அதனால் வந்த பேர். கொஞ்சிப் பேசத் தெரியாது. யார் முதுகையும் தடவிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. காலையில் ரோலர் சூடாகிற நேரத்தில், வருகிற ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி கேட்பாள்.

"கை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா" என்றால் ரோலர். "இன்னைக்குச் சரியில்லக்கா" என்றால் மடிப்பு மேசை. அவ்வளவுதான். புருஷன் அடித்தானா, பிள்ளைக்குக் காய்ச்சலா, ராத்திரி தூக்கம் இல்லையா, எதுவும் கேட்க மாட்டாள். கையைத்தான் கேட்டாள், எல்லோரும் மனசைத்தான் சொன்னார்கள்.

கிழிந்த விரிப்பு தைக்கிற தையல்காரம்மா மட்டும் வம்புக்கு இழுப்பாள்.

"ஏன்டி, எங்கையை மட்டும் கேக்கவே மாட்டேங்கிற?"

"உங்கை நல்லாத்தான் இருக்கும். வாய்தான் சரியில்ல. அதை எந்த மேசையில போடறது?"

ஆலையின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தான் ஒருவன். எல்லோருக்கும் வேன் தம்பி. அவன் மனைவி பிரசவத்தில் பிழைப்பாளா என்று தெரியாமல் கிடந்த நாட்களில், கண் சிவந்து வேலைக்கு வந்தான். நீராவி அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். அவன் கண்ணைத் துடைத்தான்.

"சாவியைக் குடு. துணி மூட்டை கட்டு போ" என்றாள். மனைவி வீடு திரும்பும்வரை அவன் வண்டியை வேறொருவன் ஓட்டினான். முதலாளிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு பேர் வேலையும் போயிருக்கும்.

பிறகு முதலாளி ஆலைக்கு ஒரு மேனேஜர் தேடினார். வேன் தம்பியை ஆஸ்பத்திரிகளில் எல்லோருக்கும் பிடிக்கும். விரிப்பை இறக்கிவிட்டு, கிடங்குக்காரரின் மூட்டுவலியை விசாரிக்காமல் திரும்ப மாட்டான். இருந்தும் முதலாளி யோசித்தார். நீராவி நேராகப் போய்ச் சொன்னாள்: "அடுத்தவங்க கஷ்டம் தெரிஞ்ச பையன். அவனைப் போடுங்க."

போட்டார்.

முதல் வாரமே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துப் பேசினான். "எங்கிட்ட மனசு விட்டுப் பேசுங்க. நானும் உங்கள்ல ஒருத்தன்தான்." மறுநாள் காலையிலிருந்து நீராவிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ஒருத்தி "சரியில்லக்கா" என்றால், மெல்லக் குனிந்து, "என்னம்மா ஆச்சு?" என்பான். குரலில் அத்தனை இதம். பல பேர் அழுதுவிட்டார்கள். ஒருத்தி மகனுக்கு வலிப்பு. ஒருத்தி மாமியார் படுத்த படுக்கை. ஒருத்திக்கே மார்பில் கட்டி.

நீராவிக்கு அது ஒப்பவில்லை. "அதெல்லாம் எதுக்கு தம்பி கேக்கற? மேசைக்கு அனுப்புனா போதாதா?"

"தெரிஞ்சாத்தானேக்கா உதவ முடியும்."

நம்பினாள். தயங்கி நின்றவர்களிடம் அவளே சொன்னாள்: "சொல்லுடி, நம்ம தம்பிதான்."

அந்த ஒரு வார்த்தையில் தன் பேரை அடகு வைத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்று வேறு ஆலைக்குப் போய்விட்டது. ஐந்து பேரைக் குறைக்கச் சொன்னார் முதலாளி. திங்கட்கிழமை காலையில் வாட்ச்மேன் அந்த ஐந்து பேரை வாசலிலேயே நிறுத்தினான். வலிப்புப் பிள்ளையின் அம்மா அதில் ஒருத்தி. கட்டிக்காரி ஒருத்தி. மற்ற மூன்று பேரும் யாரென்று கேட்டுவிட்டுத் தையல்காரம்மா ஊசியைக் கீழே வைத்தாள்.

"அஞ்சு பேரும் அவன் முன்னாடி அழுதவளுங்க. கவனிச்சியா?"

நீராவி மேனேஜர் அறைக்குப் போனாள். உட்காரவில்லை.

"எப்படித் தம்பி பொறுக்கின?"

"யாராவது அஞ்சு பேர் போயாகணும்கா. முதலாளி உத்தரவு."

"நான் அதைக் கேக்கல."

"வீட்ல பிரச்சினை இருக்கறவங்க நாளைக்கு லீவு போடுவாங்க. வேலை நின்னா மிச்ச ஆஸ்பத்திரியும் போயிரும். நீங்கதானேக்கா சொல்லிக் குடுத்தீங்க, புத்தி இங்க இல்லாதவங்க நிக்கக் கூடாதுன்னு."

"ரோலர்கிட்ட நிக்கக் கூடாதுன்னேன். வேலையிலயே நிக்கக் கூடாதுன்னு சொன்னேனா?"

"கொஞ்சம் எம் எடத்துல இருந்து பாருங்கக்கா."

"அந்த எடத்துல உன்னை உக்கார வச்சதே நான்தான்டா."

அவன் முகம் வாடியது. நிஜமாகவே வாடியது. அந்த வாட்டத்தால் யாருக்கும் வேலை திரும்பிவிடவில்லை.

நான் அந்த ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவன், பூசி மெழுகத் தெரியாது. பெண்கள் நீராவியிடம் உண்மையைச் சொன்னதற்குக் காரணம் அவள் நல்லவள் என்பது மட்டும் இல்லை. அவளால் ஒருத்தியை மேசைக்கு மாற்ற முடியும், வேலையைவிட்டுத் தூக்க முடியாது. தூக்குகிற அதிகாரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கஷ்டம் விசாரித்தால், அதற்குப் பேர் பரிவு இல்லை. வேவு.

மறுநாள் காலையில் நீராவி அதே கேள்வியைக் கேட்டாள். "நல்லா இருக்குக்கா." அடுத்தவள், "நல்லா இருக்குக்கா." மடிப்பு மேசைக்கு ஆளே இல்லை. நீராவியின் நாத்தனாரும் அங்கேதான் வேலை பார்த்தாள், புருஷனின் கூடப்பிறந்த தங்கை. அவளும் எங்கோ பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்கு அண்ணி" என்றாள்.

மத்தியானம் துணி சுருண்டது. நாத்தனார் கம்பியைத் தூக்கினாள். இரண்டு விரல்.

ஆஸ்பத்திரி பெஞ்சில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள், முந்தின நாள்தான் தன் மகள், புருஷன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்திருக்கிறாள் என்று. அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே, அவர்கள் ஆலையில் துவைத்த விரிப்புகள் அடுக்கியிருந்தன.

"எங்கிட்டகூடச் சொல்லலியே."

"உங்ககிட்டச் சொன்னா அவங்கிட்டச் சொன்ன மாதிரிதானே அண்ணி?"

"நீயுமா அப்படி நெனைக்கிற?"

"நீங்க காட்டிக் குடுத்தீங்கன்னு எல்லாரும் பேசறாங்க. இல்லன்னு சண்டைகூடப் போட்டேன்." கட்டின் நுனியைச் சரிசெய்தாள். "ஆனா காலையில நீங்க கேட்டப்ப, வாய் வரல."

நீராவி உஸ்ஸென்று மூச்சு விடவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தாள்.

மறுநாள் முதலாளியிடம் போனாள். காலையில் மேனேஜர் தன் பக்கத்தில் நிற்கக் கூடாது, போன ஐந்து பேரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றாள். முதலாளி சிரித்தார். "உங்க கேள்வி நல்ல கேள்விம்மா. மத்த ஆலைக்கெல்லாம் போய் அதைப் பத்திப் பேசச் சொல்லித் தம்பியைக் கூப்பிடறாங்க." வேன் தம்பியின் அறைக் கதவில் இப்போது ஒரு பலகை தொங்குகிறது: உங்கள் மனம் எங்களுக்கு முக்கியம்.

அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். காலையில் இன்னும் கேட்கிறாள். எல்லோர் கையும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறார்கள். நம்பாமல், நாள் முழுக்கத் தடுப்புக் கம்பி பக்கத்திலேயே நிற்கிறாள். ரோலர் மூன்று இருக்கிறது. அவள் ஒருத்தி.

இந்த வருடம் வெந்த கைகள்: நாலு.