படத்தில் பெரிதாக இருந்த பூ

அந்த அக்கா கொண்டுவந்த படத்தில் பூ ஒரு நீளக் கத்திரிக்காய் அளவுக்கு இருந்தது. அடியில் உப்பி, நடுவில் குழாயாக நீண்டு, நுனியில் கூண்டுபோல மூடிக்கொண்டிருந்தது. குழாய் மேல் ஊதாக் கோடுகள். யாரோ பொறுமையாக வரைந்து வண்ணம் தீட்டியிருந்தார்கள்.

எங்கள் ஊர் பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டியது. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். ஆடு மேய்ப்பது அவர் வேலை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் கூடப் போவேன். மாமாவுக்குத் தெரியாத கரடோ குன்றோ அந்தப் பக்கம் கிடையாது என்று யாரோ சொல்ல, சேலத்தில் பெரிய படிப்புப் படிக்கும் அந்த அக்கா எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டார். மூன்று நாள் தங்கி ஒரு செடியைத் தேட வேண்டுமாம்.

மாமா படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"இம்மாம் பெரிய பூ இருந்தா எங்க ஆடு வுட்டு வெச்சிருக்குமாங்க?"

"உண்மையில இதைவிடச் சின்னதா இருக்கும்ண்ணா" என்றார் அக்கா.

மாமாவின் மனதில் கத்திரிக்காய் பிஞ்சாக இறங்கியது. அதற்கும் கீழே அது இறங்கவில்லை. இரண்டு நாளும் அவர் அந்த அளவுப் பூவைத்தான் தேடினார். சின்னாற்றுப் பக்கம், கோயில் கரடு, ஆனைப்பள்ளம் என்று எல்லா இடத்துக்கும் அக்காவைக் கூட்டிப்போனார். நான் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நடந்தேன். அக்கா அடிக்கடி திரும்பி, உன் பேர் என்ன, எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்பார். எனக்குக் காது சுடும். குடத்தைத் தோள் மாற்றிக்கொள்வேன்.

"அவன் பேசமாட்டானுங்க. அவன் பங்கையும் சேத்து நான்தான் பேசிக்கிட்டு இருக்கேன்" என்று மாமா பதில் சொல்வார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் சோளக் குதிருக்குப் பின்னால் நின்றேன்.

"வூட்டுல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா கண்ணு, இப்படித் தனியாக் காட்டுல சுத்தறதுக்கு?" என்று அம்மா கேட்டார்.

"இது மூணாவது மழைக்காலம்க்கா. இந்தத் தடவையும் கிடைக்கலைன்னா படிப்ப விட்டுட்டு வந்துடுன்னு அப்பா சொல்லிட்டாரு. நாளைக்கு மத்தியானம் பஸ்ஸு. அந்தச் செடி மட்டும் கிடைச்சாப் போதும்."

"அப்படி என்னத்துக்கு அது?"

அக்கா சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தப் பூவுக்குள் ஒரு ஈ நுழைந்தால் உடனே வெளியே வர முடியாதாம். குழாய்க்குள் முடி கீழ்நோக்கி இருக்குமாம். ஒரு நாள் போனபின் முடி சுருங்கும், அப்புறம்தான் ஈக்கு விடுதலையாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை பூவை நான் நகத்தால் பிளந்து உள்ளே இருந்த ஈயைப் பறக்கவிட்டிருக்கிறேன்! ஆனால் அந்தப் பூ என் சுண்டுவிரலில் பாதிகூட வராது. நாங்கள் உருண்டைக் கிழங்கு என்று தோண்டித் தின்கிற கொடியில் பூப்பது. தாகமெடுத்தால் தின்போம். அது படத்தில் போடத்தக்க பூ என்று யாருக்குத் தெரியும்?

அப்போதே சொல்லியிருக்கலாம். குதிருக்குப் பின்னாலிருந்து வெளியே வர எனக்குக் கால் எழவில்லை.

மறுநாள் விடிந்ததும் களைக்கொத்தையும், அம்மா கஞ்சி ஊற்றிக் கொடுக்கும் தூக்குப்போசியையும் எடுத்துக்கொண்டு பாறைச்சரிவுக்கு ஓடினேன். எங்கள் பக்கத்தில் அங்கே, காரைமுள் புதர்களுக்குள் மட்டும்தான் அந்தக் கொடி இருந்தது. மழை பெய்திருந்ததால் கொடி நிறையப் பூ. அந்தக் கிழங்கைத் தோண்டுவதற்கு ஆடு மேய்க்கிறவர்களிடம் ஒரு முறை உண்டு. ஒரு புதரில் ஒன்றிரண்டுதான் எடுக்க வேண்டும். எடுத்த குழியிலும் பக்கத்து வேரில் இருக்கும் குட்டிக் கிழங்கை விட்டு, மண் தள்ளிக் குதிகாலால் மிதிக்க வேண்டும். அன்று நான் அந்த முறையைப் பார்க்கவில்லை. சேலத்திலிருந்து வந்தவருக்குப் போசியின் அடியில் உருளுகிற மாதிரி நாலு கிழங்கைக் கொடுக்க முடியுமா? புதர் புதராக எல்லாவற்றையும் தோண்டினேன். அந்தச் செடியில் ஒருவருக்குக் கொடுக்கத் தக்கது கிழங்குதானே. கொடியும் பூவும் கையில் சுற்றிக்கொண்டு தொந்தரவு செய்தன. பிய்த்துப் பாறைமேல் எறிந்தேன். படித்தவர்களுக்கு மண்ணோடு கொடுக்கக் கூடாது என்று ஓடையில் கழுவி, தோலையும் சீவினேன். போசி நிறைந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா பையைக் கட்டிக்கொண்டிருந்தார். போசியை அவர் முன்னால் வைத்தேன்.

"அட, உருண்டைக் கெழங்கு! சாப்புடுங்க, வெயிலுக்கு நல்லது" என்றார் மாமா.

"அந்தப் பூ இதுலதான் பூக்கும்" என்றேன். மூன்று நாளில் அக்காவிடம் நான் பேசியது அது ஒன்றுதான்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மாமா போசியோடு பின்னால் வந்தார். சரிவில் ஏறிப் பார்த்தால், நான் கொடிகளை எறிந்த பாறையில் ஆட்டுப் புழுக்கைதான் கிடந்தது. நான் போனபின் வேறொரு மந்தை அந்த வழியாக ஏறியிருக்கிறது. ஓர் இலைகூட மிஞ்சவில்லை. அக்கா முட்டி போட்டுக் குழி குழியாகக் கைவிட்டுத் துழாவினார். காரைமுள் கையைக் கிழித்தது. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"குட்டி எதாச்சும் வுட்டு வெச்சியாடா?" என்று மாமா கேட்டார். குரலில் கேலி இல்லை.

"ஒண்ணுகூட வுடல. போசி ரொம்பணுமில்ல" என்றேன். எனக்குப் பெருமை.

மாமா கையை ஓங்கிவிட்டார்.

"வேண்டாண்ணா. எனக்காகத்தான பண்ணுனான்" என்று அக்கா தடுத்தார்.

மாமா ஏன் ஓங்கினார் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவைக் கேட்காமல் போசியை எடுத்து வந்ததற்காக இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்கு அக்கா வரவில்லை. அதற்கடுத்த மழைக்கும் வரவில்லை. படிப்பை முடித்தாரா, விட்டாரா என்பது எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. அந்தச் சரிவில் இப்போதும் காரைமுள் நன்றாகவே இருக்கிறது. மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் போனால் புதரை விலக்கிப் பார்ப்பேன். கொடி எதுவும் இல்லை.

அன்று அக்கா கொஞ்ச நேரம் பாறையிலேயே உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் எதிரே நின்று அவரையும் போசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கவனித்தாரோ என்னவோ, மாமாவிடமிருந்து போசியை வாங்கி, ஒரு கிழங்கை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றார்.

"இனிப்பா இருக்கு தம்பி" என்றார்.

உருண்டைக் கிழங்கு இனிக்காது. தண்ணீராக இருக்கும், கடைசியில் லேசாகக் கசக்கும். டவுனில் இருப்பவர்களுக்கு நாக்கு அப்படிப் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மிச்சத்தையும் சாப்பிடட்டும் என்று போசியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.