கொள்ளுப்பருப்பு வீடியோவில் பதிவான குரல்

சூலூரில் இருக்கிறேன். கூச்சம் அதிகம் என்பதால் சமைக்கும் கைகளை மட்டும் வீடியோ எடுத்து, போனில் ஒரு ஆப்பில் போடுவேன். ஐம்பது பேர் பார்த்தாலே அதிகம். ஒருநாள் கொள்ளுப்பருப்பு கடைந்தபோது, "அம்மணி, என்ற பல்செட்ட எங்க வெச்சுப்போட்டே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதும் பதிவாகிவிட்டது. கவனிக்காமல் போட்டுவிட்டேன்.

சிரிப்பதற்காகவே பலரும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கும் வீடியோவைத்தான் அந்த ஆப் இன்னும் பலருக்குக் காட்டுமாம். லட்சம் பேரைத் தாண்டிவிட்டது. பயந்து அழித்தேன். அதற்குள் மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள்.

அவருக்குக் கட்டிய பல் என்று அதுவரை வெளியே யாருக்கும் தெரியாது. அவர் வேலை பார்க்கும் தறிக்குடோனில், "ஏனுங்ணா, பல்செட்டு கெடைச்சுதுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம்.

"தெரியாம செஞ்சுபோட்டனுங்க" என்று அவரிடம் சொன்னேன்.

இப்போது சத்தத்தை நீக்கிவிட்டுத்தான் வீடியோ போடுகிறேன். ஆனாலும் நான் போனை எடுத்தாலே அவர் பேச்சை நிறுத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார்.