தறிக்குடோனிலிருந்து வந்த ஜூலி

எங்கள் அடுக்ககத்தின் நான்காவது மாடியில் இருக்கும் இளம் தம்பதி சென்ற வாரம் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இருவருக்கும் சரவணம்பட்டியில்தான் ஐ.டி. வேலை. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. அவளுக்கு ஒரு சின்ன நாய் வாங்கித் தரப் போகிறார்களாம். எது கடிக்காது, எதற்கு முடி கொட்டாது, எது குழந்தைகளோடு ஒத்துப்போகும் என்று போனில் ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். "நீங்க நாய் வளத்தவருன்னு வாட்ச்மேன் சொன்னாருங்க அங்கிள்" என்றாள் அந்தப் பெண். ஒரு வருடமாக ஒரே லிஃப்டில் போய் வருகிறோம், என்னோடு அவர்கள் பேசிய முதல் பேச்சு இதுதான். ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் இரண்டாவது மாடியை விட்டுவிட்டு நான்காவதில் இறங்கி, அவர்கள் வாசலிலேயே நின்று அரை மணி நேரம் பேசினேன். அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

கீழே வந்து என் வீட்டைத் திறந்தால், பால்கனியில் மழையில் நனைந்துபோன மிதியடியின் வாசம் உள்ளே வரை வந்திருந்தது. நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது நனைந்த நாயின் வாசம். மனைவி செல்வி போய் மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் 'இதென்ன நாத்தம்' என்று கேட்கவும் ஆளில்லை. மிதியடியை எடுக்காமல் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் நாய் தேடிய கதைக்குக் காரணமே ஒரு சாவிதான். அப்போது கணபதி ஏரியாவில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பெருந்துறை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப இரவு ஏழு மணி ஆகிவிடும். செல்வி ஒரு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட், அவள் வர ஆறு மணி. எங்கள் ஒரே மகள் தாரணி அப்போது இரண்டாம் வகுப்பு. நாலு மணிக்கு ஸ்கூல் வேன் அவளை இறக்கிவிடும். முன்பக்கத்து வீட்டுக்கார அம்மா சாவியைக் கையில் கொடுத்துவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடுவார். இரண்டு மணி நேரம் குழந்தை தனியாக இருக்கும். ஒருநாள் அவள் டீச்சர் செல்வியைக் கூப்பிட்டு, பிள்ளை வகுப்பில் வாயே திறப்பதில்லை, வீட்டில் பேசுவாளா என்று கேட்டிருக்கிறார். செல்வி அன்றிரவு சாப்பிடவில்லை. வேலையை விடவும் முடியாது. பேச்சுத்துணைக்கு ஒரு நாயாவது வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தோம்.

நாய் என்றால் சும்மா இல்லை. சின்னதாக இருக்க வேண்டும், குழந்தையைத் தள்ளிவிடக் கூடாது, கடிக்கவே கூடாது. எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் நாய்ப் பைத்தியம் பிடித்த ஒருவர் இருந்தார். அவர் எனக்கு மூன்று சோதனைகள் சொல்லிக் கொடுத்தார். வாலை லேசாக இழுத்துப் பார்க்கணும், சாப்பிடும்போது தட்டை நகர்த்திப் பார்க்கணும், பின்னால் நின்று ஒரு தட்டைப் படாரென்று தட்டணும். மூன்றுக்கும் சீறாத நாய்தான் குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஆகும் என்றார். எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. நான் வேலை பார்த்ததே குவாலிட்டி செக்‌ஷனில். தினமும் ஆயிரம் பாகங்களை அளந்து தள்ளுகிறவனுக்கு ஒரு நாய் எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

முதலில் பார்த்த பொமரேனியன் வாலைத் தொடுவதற்கு முன்பே கத்தி ஊரைக் கூட்டிவிட்டது. இரண்டாவது, நீள உடம்பும் குட்டைக் காலுமாக ஒன்று. அது தட்டை நகர்த்தியதும் என் கைக்கடிகாரத்தின் வாரைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. இரண்டையும் ரிஜெக்ட் செய்தேன். தாரணி இரண்டு தடவையும் ஒன்றும் பேசாமல் டி.வி.எஸ். 50-யின் முன்னால் ஏறி நின்றுகொண்டாள்.

மூன்றாவதாகக் கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்குடோனுக்குப் போனோம். கணவனும் மனைவியுமாக வயதானவர்கள், தறியை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திருப்பூரில் மகன் வீட்டோடு போகப் போகிறார்கள், அங்கே நாய்க்கு இடமில்லை. உள்ளே பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. காது அடைத்துக்கொண்டது. எண்ணெய் வாசமும் பஞ்சுத் தூசியும். அந்தச் சத்தத்தில் யாரும் யாரையும் வாயால் கூப்பிடுவதில்லை, கையைக் காட்டுவார்கள், இல்லாவிட்டால் தோளைத் தொடுவார்கள். அந்த அம்மா காலால் தரையைத் தொம்மென்று ஒரு மிதி மிதித்தார். நூல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து முதுகெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு குட்டிப் பழுப்பு நாய் எழுந்து வந்தது. அதுதான் ஜூலி.

வாலை இழுத்தேன். திரும்பி என் கையை நக்கியது. சோற்றுத் தட்டை நகர்த்தினேன். தள்ளி நின்று என்னைப் பார்த்தது. வெளியே வாசலுக்குக் கொண்டுவந்து, பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்தேன். செல்வியே திடுக்கிட்டுப் போனாள், ஜூலி காதைக்கூட அசைக்கவில்லை. "தறிச் சத்தத்துலயே பொறந்து வளந்ததுங்க. இடி உழுந்தாலும் அசையாதுங்க" என்றார் அந்த அம்மா பெருமையாக. இவ்வளவு பொறுமையான நாயா என்று எனக்குக் கண் கலங்காத குறை. டாக்டரிடம் காட்டியிருக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் காப்பி வந்துவிட்டது, முறுக்கு வந்துவிட்டது, தாரணிக்கு ஒரு துண்டுத் துணி கூடக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சந்தேகப்படுகிற மாதிரி எப்படிக் கேட்பது? எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த வியாதி உண்டு. "ரொம்ப சந்தோசமுங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

தீபாவளிக்குத் தெருநாயெல்லாம் எங்கெங்கோ ஓடி ஒளிந்தபோது ஜூலி வாசலில் படுத்துத் தூங்கியது. அதையும் கம்பெனியில் போய்ப் பெருமையடித்தேன். செல்விக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் ஜூலியின் பின்னால் நின்று ஒரு விசில் அடித்தார், இன்னொரு விசில் அடித்தார். பிறகு என்னைப் பார்த்து, இதுக்குச் சுத்தமாகக் காது கேட்காது, வேறு குறை ஒன்றுமில்லை என்றார். ஆயிரம் பாகம் அளக்கிற ஆள் செவிட்டு நாயை முதல் வகுப்பில் பாஸ் போட்டு வாங்கி வந்திருக்கிறேன்.

தறிக்காரருக்குப் போன் செய்தேன். அவர் பதறிப்போனார். சத்தியமாக அவர்களுக்கே தெரியாதாம். தெரிந்திருக்க நியாயமும் இல்லை, அந்தக் குடோனுக்குள் கேட்கிற நாயும் கேட்காத நாயும் ஒன்றுதான். "தப்பா நெனைச்சுக்காதீங்க, கொண்டாந்து உட்டுப்போடுங்க" என்றார். செல்விக்கு மனசில்லை. நான்தான் பிடிவாதமாக இருந்தேன். தனியாக இருக்கிற குழந்தைக்கு, யாராவது கதவைத் தட்டினால் குரைக்கக்கூடத் தெரியாத நாய் என்ன துணை? அதோடு, பேச்சுத்துணைக்கென்று வாங்கியதற்குக் காதே இல்லை என்றால் எப்படி?

சனிக்கிழமை மத்தியானம் தாரணியை உட்கார வைத்து, கண்ணு, ஜூலிக்குக் காது கேக்காது, வேற நல்ல நாயா வாங்கலாம் என்று மெல்லச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. வந்த மூன்றாம் நாளே அவளுக்குத் தெரியுமாம். தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று மறைத்திருக்கிறாள். நாங்கள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, ஜூலி படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவள் தொம் தொம்மென்று குதிப்பது, அதுதான் ஜூலியைக் கூப்பிடுகிற முறையாம்.

"வேற நாய் வேண்டாங்கப்பா" என்றாள். "இதுக்குக் கேக்காதுன்னுதான் நான் எல்லாத்தையும் சொல்றேன். கேக்கற நாயா இருந்தா சொல்லமாட்டேன்."

செல்வி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அப்படி என்ன சொல்கிறாய் என்று நான் கேட்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்பா அம்மாவிடம் சொல்ல முடியாத 'எல்லாம்' என்று ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் பயமாக இருந்தது. ஜூலி எங்களோடு தங்கிவிட்டது.

அடுத்த வருடமோ என்னவோ, ஒருநாள் கம்பெனியில் ட்ரான்ஸ்ஃபார்மர் பழுதாகி எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நாலரைக்கு வீட்டுச் சந்துக்குள் நுழைகிறேன், ஜன்னல் வழியாகத் தாரணியின் குரல். அவள் அவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. நிறுத்தாமல், ஏற்றி இறக்கி, நடுவில் சிரித்து, ஒரு இடத்தில் குரல் தழுதழுத்து, மறுபடி பேசிக்கொண்டே போனாள். வார்த்தைகள் பிடிபடவில்லை. இன்னும் இரண்டடி வைத்திருந்தால் கேட்டிருக்கும். ஒட்டுக்கேட்பது தப்பு என்று பட்டதோ, கேட்கத் தைரியமில்லையோ, செருப்பைச் சத்தமாகக் கழற்றி, "கண்ணு, அப்பா வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தேன். பேச்சு நின்றது. கதவைத் திறந்தவளிடம் என்ன பண்ணிட்டிருந்தே என்றேன். "ஒண்ணுமில்லீங்கப்பா, படிச்சிட்டிருந்தேன்" என்றாள்.

ஜூலி பத்து வருடம் போல இருந்தது. தாரணி கல்லூரி விடுதியில் இருந்தபோது செத்துப்போனது. பரீட்சை முடியட்டும் என்று நான்கு நாள் கழித்துத்தான் சொன்னோம். அதற்கு அவள் சரிங்கப்பா என்று மட்டும் சொன்னாள். அப்புறம் வேலை, கல்யாணம், இப்போது கனடா. ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, நல்லா இருக்கேங்கப்பா. இவ்வளவுதான் எங்கள் பேச்சு. குறை சொல்லவில்லை, நானும் அவளிடம் அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.

இந்த ஞாயிறு மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டே விட்டேன். சின்ன வயசில் ஜூலிகிட்ட தினமும் என்னதான் கண்ணு சொல்லிட்டிருப்பே?

அவள் சிரித்தாள்.

"ஒண்ணுகூட ஞாபகமில்லீங்கப்பா. மறந்தே போச்சு."

கணபதி வீட்டை இடித்துவிட்டார்கள். செல்வியும் இல்லை. பத்து வருடம் என் மகள் வாய் ஓயாமல் பேசிய பேச்சில் ஒரு வார்த்தைகூட இன்றைக்கு இந்த உலகத்தில் யாரிடமும் இல்லை. அதைக் கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். இரண்டடி தள்ளி, சந்தில் நின்று, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.