அடுத்தவள் சேலையில் உட்கார்ந்த நாட்கள்

மைசூரில் மண்டி மொஹல்லாப் பக்கம் அந்தக் காலத்தில் எங்கள் ஜனங்கள் வீட்டுக்குப் போனால், பல கூடத்துச் சுவரில் நான் இருப்பேன். முகம் என்னுடையதாக இருக்காது. கழுத்துக்குக் கீழேதான் நான். மடியில் வைத்த கை என்னுடையது, சேலைக்குள் இருக்கும் தோளும் முழங்காலும் என்னுடையவை. முகம் மட்டும் அந்த வீட்டில் செத்துப்போன அம்மாவுடையதோ பாட்டியுடையதோ. ஒரு வீட்டில் விருந்துக்குப் போனபோது என் கைக்கே மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் பாயசம் புரையேறிவிட்டது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லத்தான் இதை எழுதுகிறார்கள். பேச்சு அங்கே இங்கே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஆள் படம் வரைகிறவர். மகாராஜா காலம் அது. ஒரு பெரிய ஓவியருக்கு வண்ணம் அரைத்துக் கொடுத்தே வேலை கற்றவர். அரண்மனைக்குள் போய் வரைய வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாய்த்தது என்னவோ எங்கள் தமிழ் ஜனம்தான். நெல் மண்டிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், ஆஸ்பத்திரி நர்சம்மா, கோயில் பட்டர், இப்படி. பட்டர் நாற்காலியில் உட்கார்ந்ததுமே தூங்கிவிடுவார். படத்திலும் கண் பாதி மூடித்தான் வந்தது. தியானம் என்று ஊரே மெச்சியது.

உயிரோடு இருப்பவர்கள் தாங்களே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். செத்தவர்கள் பாடுதான் கஷ்டம். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று அந்நாளில் பெண்கள் பயப்படுவார்கள். ஆயுசு முடிந்த பிறகு பிள்ளைகள் வந்து அம்மாவுக்குப் படம் வேண்டும் என்பார்கள். முகத்தை இவர் சொந்தக்காரர்களிடம் கடன் வாங்குவார். மூக்குக்குத் தங்கச்சி, கண்ணுக்கு மகள். மற்றதெல்லாம் நான். கண்ணால் பார்க்காத ஒன்றை அவர் வரையமாட்டார். சேலையை நாற்காலி மேல் போட்டு வரைந்தால் ஆகாதா என்று ஒரு தடவை கேட்டேன். "நாற்காலி மூச்சு விடுமா?" என்றார்.

அதனால் செத்தவளின் சேலை வரும், நகை வரும், நான் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சுமங்கலி அதைக் கட்டலாமா? மாமியார் அதற்கும் வழி வைத்திருந்தார். என் இடுப்பில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவார். எழுந்ததும் உப்பைச் சுற்றி அடுப்பில் போடுவார். அது படபடவென்று வெடிக்கும். "பாத்தியா, எத்தன திருஷ்டி!" என்பார். உப்பு வெடிக்காமல் என்ன செய்யும்?

நான் கொள்ளேகாலுக்கு அப்பால் ராமாபுரத்துக் காட்டில் ஆடு முடுக்கித் திரிந்தவள். கல்யாணமாகி வந்த இடமோ ஒரு மாடி அறை. நாற்காலிக் கால் நகராதபடி தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருப்பார். என் பாதத்தைச் சுற்றியும் கோடு உண்டு. ஜன்னல் உயரத்தில் இருக்கும். எதிர் மண்டியின் கூரையும் அதில் ஒரு காக்காயும் தெரியும். அந்தக் காக்காய் பறக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மூக்கு அரித்தால் சொறியக் கூடாது. வாசலருகே மாமியார் திரி திரித்துக்கொண்டு காவல். அவர் பேச்சில் கன்னடம் கலக்கும். "சும்னே உக்காருடி, உனக்கென்ன கல்லா ஒடைக்கச் சொன்னாங்க?" என்பார். கல்லுடைத்தால் கையையாவது வீசலாம்.

அப்போதுதான் வெல்ல மண்டிப் பெரியவர் வந்தார். மனைவி போய் வருஷம் திரும்பவில்லை. அவளுடைய மாம்பழ நிறப் பட்டைக் கொண்டுவந்தார். என்ன பட்டு அது! கட்டினால் இடுப்பில் நிற்காது, தண்ணீர் மாதிரி வழுக்கும். மற்ற வீட்டுக்காரர்கள் படம் முடிந்த பிறகு வருவார்கள். இவர் தினமும் வந்தார். வரும்போதெல்லாம் இலையில் ஒரு வெல்லக்கட்டி கொண்டுவந்து, என் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு எதிரே உட்காருவார். வெல்லம் இருந்தால் எறும்பு சும்மா இருக்குமா? என் கால் வழியாகத்தான் அதற்குப் பாதை. அசையக் கூடாதே!

படம் அருமையாக வந்திருந்தது. ஆனால் பெரியவர் ஒப்பவில்லை. "தம்பி, மூக்கு அவ மூக்கு இல்லீங்களே" என்பார். இவர் திருத்துவார். மறுநாள் தாடை. அதற்கு மறுநாள் மறுபடியும் மூக்கு.

இதற்குள் என் அப்பன் வெற்றிலை பாக்கோடு வந்தார். என் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு அக்காவோ தங்கையோ கூட உட்கார்ந்து இணைச்சீர் செய்தாக வேண்டும். அந்தப் பாத்தியதை எனக்கு.

"நீ வரலீன்னா பெரியப்பன் மவளத்தான் உக்கார வெக்கோணும், அம்மணி" என்றார் அப்பன்.

நான் ஊரில் எல்லோருக்கும் பதிலாக உட்காருகிறேன், எனக்குப் பதிலாக அங்கே இன்னொருத்தியா? அதுவும் அவளா? என் தம்பியை ஒரு நாள் இடுப்பில் தூக்கியிருப்பாளா அவள்?

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "படம் முடியட்டும், அனுப்பறேன்" என்றார். பெரியவரை மீறிப் பேச அவருக்கு வாய் வராது. மண்டிக்காரர்கள் எல்லாம் அவர் சொல்லித்தான் எங்களிடம் வந்தார்கள். மாமியாரிடம் கேட்டேன். "ஸ்வல்ப பொறு. கல்யாணம் எங்க ஓடிப்போகுது?" என்றார். கல்யாணம் ஓடாது, முகூர்த்தம் ஓடிவிடுமே.

சீருக்கு முந்தின நாளும் வந்துவிட்டது. மத்தியானம் கொள்ளேகால் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து வண்டி கட்டினால்தான் ஊர் போய்ச் சேரலாம். காலையில் மாம்பழப் பட்டைக் கட்டி உட்கார்ந்திருக்கிறேன். பெரியவர் வந்தார், வெல்லத்தை வைத்தார், படத்தைப் பார்த்தார்.

"மூக்கு இன்னுங் கொஞ்சம்..."

அப்போது பார்த்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெல்லம் எங்களுக்குக் கொண்டுவந்தது அல்ல, அந்தச் சேலைக்குக் கொண்டுவந்தது. படம் முடிந்தால் சேலை பெட்டிக்குள் போய்விடும், நாற்காலி காலியாகிவிடும். மூக்கு எப்படிச் சரியாகும்?

நாற்காலியில் இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். திறந்துவிட்டேன்.

"ஏனுங்க, என்ற தம்பிக்குக் கண்ணாலமுங்க. எணச்சீருக்கு நான் போகோணுங்க. உட்ருங்க."

மாமியார் கையில் திரி அப்படியே நின்றது. வீட்டுக்காரர் தூரிகையைக் கீழே போட்டார். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே தெருவில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"அவளும் ஒருக்கா இப்பிடித்தான் கேட்டா" என்றார். "அவ தம்பி கண்ணாலந்தான். மண்டியில சரக்கு எறங்குது, அப்பறம் பாக்கலாம்னேன்."

"அப்பறம்?" மாமியார்தான் கேட்டார்.

"அப்பறம் எங்கியும் போகோணும்னு அவ கேக்கவே இல்லீங்க." எழுந்து துண்டை உதறினார். "தம்பி, மூக்கு சரியா இருக்குது. படத்த எறக்கிருங்க."

"நேத்து கோணல்னு சொன்னீங்களே?"

"நேத்தும் சரியாத்தான் இருந்துச்சு."

நான் குதித்து எழுந்தேன். ஒரு கால் மரத்துப் போயிருந்தது. தடாலென்று சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே விழுந்தேன். "உக்காரத்தான் தெரியும், எந்திரிக்கத் தெரியாதா மகாராணிக்கு?" என்று மாமியார் தூக்கிவிட்டார். திட்டிக்கொண்டே தன் புது மூக்குத்தியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டதும் அவர்தான். அவசரத்தில் உப்புச் சுற்ற மறந்துபோனார்.

பஸ் கிடைத்தது. விடியும் முன்னே ஊர் போய்ச் சேர்ந்தேன். பெரியப்பன் மகள் சீர்ச் சேலையைக் கையிலேயே எடுத்துவிட்டிருந்தாள். வாங்கிக்கொண்டேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். மேளம் முழங்குகிறது, சுற்றிலும் என் ஜனம், அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள். என் உடம்பு தானாக நிமிர்ந்தது. இடது கை மேல் வலது கை, தாடை கொஞ்சம் மேலே. யாரோ சந்தனம் பூசினார்கள், நான் அசையவில்லை. ஈ உட்கார்ந்தது, ஓட்டவில்லை.

"அக்கா, உன்னை யாரு இங்க படம் எழுதறாங்க?" என்று தம்பி காதோடு கேட்டான். அப்போதும் நான் அசையாததால் பயந்துபோய் முழங்கையால் இடித்தான்.

மைசூருக்குத் திரும்பி வந்தபோது மாம்பழப் பட்டு போய்விட்டிருந்தது. நாற்காலியில் வேறொரு சேலை மடித்து வைத்திருந்தது. அரக்குச் சிவப்பு, கைகொள்ளாத ஜரிகை, கண்ணைப் பறித்தது. இந்தத் தடவை யாருடையது என்று கேட்டேன், வீட்டுக்காரர் சொன்னார். வாசலில் மாமியார் வேப்பிலையோடு நின்றார். குளித்துவிட்டு வந்து கட்டிக்கொண்டேன்.