குணேஸ்வரி அக்கா வாயைத் திறக்கவில்லை

குணேஸ்வரி அக்கா யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. ஐம்பத்து மூன்று வயது, நல்ல உயரம், தெருமுனைவரை கேட்கும் குரல். பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் பாதைக்குப் பின்னால் ஒரு தரை வீட்டில் பதினாறு வருடங்களாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறார். இங்கே அதை 'தாஸ்கா' என்போம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் பதில்.

காலை ஏழு மணிக்குக் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் கை வைப்பார். சட்டையைத் தூக்கி நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பார். நெற்றி சுட்டால் வந்த வழியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான், கெஞ்சினாலும் பலிக்காது. ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் நாங்கள் பின்னால் நின்று பல்லைக் கடிப்போம். உள்ளே போன பிள்ளைகளோ அக்காவின் முதுகில் ஏறிக் குதிரை விளையாடும். அந்தக் குரல் அவர்களிடம் மட்டும் எங்கே போகுமோ தெரியாது.

கோவிட் வந்து எம்சிஓ என்ற நடமாட்டத் தடை போட்டபோது தாஸ்காவை மூடினார்கள். அக்கா இடியப்பம் அவித்து விற்று அந்த வீட்டை விடாமல் பிடித்துக்கொண்டார். வாரம் ஒருமுறை அங்கே வந்த பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் வீடியோ கால் போடுவாராம். பெற்றவர்களிடம் நலம் விசாரிக்க மாட்டார், பிள்ளையைக் காட்டு என்பார், பார்ப்பார், வைத்துவிடுவார்.

என் மகன் ஷான் பிறந்தது அந்தக் காலத்தில்தான், 2020 ஜூலையில். பாசாரிலிருந்து வந்த கீரையைக்கூட நான் மூன்று தண்ணீரில் கழுவினேன். கிள்ளானில் இருக்கும் மாமியாரையே முகமூடி போட்டுத் தள்ளி நின்று பார்க்க வைத்தேன். ஒன்றே முக்கால் வயது வரை பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. என் வளர்ப்பு அப்படி என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

2022 ஏப்ரலில் நாடு திறந்தது. இனி வீட்டிலிருந்து வேலை கிடையாது என்றது ஆபீஸ். மே மாதம் ஷானை அக்காவிடம் விட்டேன். அந்த மாதமே இரண்டு தடவை சளி, மூன்று நாள் லீவு. மானேஜரின் முகம் கறுத்தது. ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பெரிய கூட்டத்தில் பேச வேண்டிய நாள், ராத்திரி தூங்காமல் சிணுங்கிய ஷானின் உடம்பு விடியும்போது மறுபடி சுட்டது. கணவர் நிர்மலன் கிள்ளான் துறைமுகத்தில் வேலை, ஐந்தரைக்கே கிளம்பிவிட்டார். ஆறு மணிக்குப் பாராசிட்டமால் சிரப்பை நானே ஊற்றினேன். ஏழு மணிக்கு நெற்றி குளிர்ந்திருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அக்கா கை வைத்தார். சட்டையைத் தூக்கிப் பார்த்தார். அவன் முகத்தருகே குனிந்து சற்று நேரம் நின்றார்.

"ராத்திரி நல்லாத் தூங்கினானா?"

"தூங்கினான் அக்கா."

கதவு திறந்தது. நான் ஓடினேன்.

பதினொன்றரைக்கு அக்காவின் போன் வந்தது. மருந்தின் வேகம் போய்க் காய்ச்சல் ஏறியிருந்தது, மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது, பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிப் போகிறேன் என்றார். நான் கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா அவனை மடியில் வைத்து, வாயருகே நெபுலைசரின் புகை மருந்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஷான் ஒரு வாரத்தில் தேறிவிட்டான். ஆனால் பத்து நாளுக்குள் தாஸ்காவில் இன்னும் ஆறு பிள்ளைகள் படுத்தன. கடைசியாகப் படுத்தது சல்மாவின் ஏழு மாதப் பெண் குழந்தை. சல்மா தமிழ்நாட்டிலிருந்து கணவரின் வேலைக்காக வந்தவள், இப்போது அவளும் வேலைக்குப் போகிறாள், இங்கே சொந்தம் என்று ஒருவரும் இல்லை. குழந்தை ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனில் கிடந்தது.

வாட்ஸ்அப் குழுவில் பெற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சுத்தமில்லை என்றார் ஒருவர். வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்றார் இன்னொருவர். காய்ச்சல்காரப் பிள்ளையை உள்ளே விட்டது யார் என்று கேட்டார்கள். அக்கா ஒரே ஒரு பதில் போட்டார்: "கதவில் நின்றது நான்தான். பொறுப்பு என்னுடையது." அதை நானும் படித்தேன். நான் எதுவும் எழுதவில்லை.

சுகாதார அதிகாரிகள் வந்து இரண்டு வாரம் தாஸ்காவை மூடச் சொன்னார்கள். எட்டுக் குடும்பங்கள் வந்து பிள்ளைகளின் தலையணை, துணியெல்லாம் எடுத்துப் போய்விட்டார்கள்.

ஷானை மறுபடி காட்டப் போனபோது குழந்தை டாக்டரிடம் கேட்டேன், இவ்வளவு பொத்திப் பொத்தி வளர்த்தும் ஏன் இப்படி என்று. ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் என்றார். வழக்கமாக ரெண்டு வயசுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் ஒரு தடவையாவது வந்துவிடுமாம். கட்டுப்பாட்டு காலத்தில் கோவிட் மட்டுமல்ல, இந்தச் சளிகளும் வெளியே சுற்ற வழியில்லாமல் போயின. அதனால் கைக்குழந்தை முதல் மூன்று வயதுவரை ஒருவர் உடம்புக்கும் அதைத் தெரியாது. திறந்துவிட்டதும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் முதல் தடவையாக வந்துவிட்டது.

"அப்ப வீட்டில் வெச்சிருந்தது தப்பா டாக்டர்?"

"தப்பில்லம்மா. எதிர்ப்புச் சக்தி கெட்டுப்போகலை. இன்னும் பழகலை, அவ்வளவுதான்."

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது, சாதாரணத் தடுமன் பிடித்த பெரியவர்கூடக் கொண்டுவந்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள், மருந்து ஊற்றியதை நான் சொல்லியிருந்த ஒரே ஆளான நிர்மலனிடமும் அதையே ஒப்பித்தேன். அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "டாக்டர் வைரஸைப் பத்திச் சொன்னாரு. மருந்து ஊத்தினதைப் பத்தி இல்ல." அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே இன்னொன்றும் கேள்விப்பட்டேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாஸ்கா நடத்த முடியாது, மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யப்போகிறார் அக்கா. சனிக்கிழமை போனேன். தொட்டில்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார். உட்காரு என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "அவன் வாயில ஆரஞ்சு சிரப் வாசம். பதினாறு வருஷமா மோந்து பாக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சே உள்ள விட்டீங்களா?"

"உன் முகத்தைப் பாத்தேன். வேலை போயிடும்கிற முகம். மூச்சு சரியா இருந்துச்சு, சரின்னு விட்டேன். அது என் தப்புதான் லா."

குழுவில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தொட்டில் கம்பியைக் கீழே வைத்தார்.

"காய்ச்சல்னா திருப்பி அனுப்பிடுவேன்னு பயந்துதானே ஊத்தின? நீ ஒருத்தி மட்டுமா அப்படி? உன்னைக் காட்டிக் கொடுத்திருந்தா, அப்புறம் எந்த அம்மா எங்கிட்ட உண்மையைச் சொல்லுவா?"

குழுவில் போட்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம், உன்னைக் கடித்துக் குதறிவிடுவார்கள் என்றார். முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது. என் குற்றத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, எனக்காகவே பயப்படுகிறாரே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே, ரயில் நிலையத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். அன்று காலை ஷானுக்குக் காய்ச்சல் இருந்தது, மருந்து கொடுத்து மறைத்தேன், அக்காவிடம் பொய் சொன்னேன். இவ்வளவுதான். மன்னிப்பு கேட்கும் வரியை எழுதி எழுதி அழித்தேன், எப்படி எழுதினாலும் நடிப்பாகத் தெரிந்தது. கடைசியில் 'மன்னிக்கவும்' என்று மட்டும் சேர்த்து அனுப்பினேன்.

சற்று நேரம் கழித்து மூன்று அம்மாக்கள் தனித்தனியாக எனக்கு எழுதினார்கள். நானும் கொடுத்திருக்கிறேன், யாரிடமும் சொல்லாதே என்று மூன்று பேருமே சொன்னார்கள். குழுவில் திட்டியவர்களில் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். சல்மா படித்ததற்கான அடையாளம் மட்டும் விழுந்தது, பதில் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"உங்கள மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரலக்கா," என்றாள். "பாப்பா மூச்சுக்குத் தவிச்சத நான் பார்த்துட்டேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இப்ப குணேஸ்வரி அக்கா வீட்ல இருந்துதான் பேசறேன். தொட்டிலையெல்லாம் திரும்ப மாட்டச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை பாப்பாவ இங்க விடறேன், மத்த அம்மாக்களையும் கூப்பிடறேன். நீங்களும் ஷானக் கூட்டிட்டு வாங்க. அன்னிக்கு அவன விட வேற இடமில்லாமத்தானே மறைச்சீங்க. இனிமே அவனுக்கு உடம்பு சுட்டா மட்டும் அன்னிக்கு எனக்குச் சொல்லிடுங்க. பாப்பா அக்காகிட்ட இருக்கட்டும், நான் லீவு போட்டு அவன எங்க வீட்ல வெச்சுப் பாத்துக்கறேன். நீங்க வேலைக்குப் போங்க."

சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. நான் அழுது முடிக்கும்வரை சல்மா போனை வைக்கவில்லை.