ஆளில்லா வீட்டில் எரிந்த பல்பு

புதுக்கடைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஓரம். தென்னை மட்டை விழுந்து லைன் கம்பி அறுந்திருந்தது; சரிசெய்ய மின்வாரியத்திலிருந்து போயிருந்தோம். மழை மூட்டத்தில் மதியம் மூன்று மணிக்கே இருட்டு. கரண்டை நிறுத்த, டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று பியூஸ் கேரியரையும் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். இனி யாரும் திரும்பச் செருக முடியாது. அந்தத் தைரியத்தில், கம்பியை டெஸ்ட் செய்யாமலே, கூட வந்த லைன்மேன் செல்வனைப் போஸ்டில் ஏறச் சொன்னேன்.

அப்போது தோட்டத்தில் பால்வெட்டும் புஷ்பம் அக்கா ஓடிவந்தார்.

“ஏறாதிய மக்கா! அந்தப் பூட்டுன வீட்டப் பாருங்க. ஊரெல்லாம் கறண்டு இல்ல, அங்க மட்டும் எரியுது. அந்த வீட்டுல செத்துப்போன பெரியவருதான் நிக்காரு.”

வீட்டுக்காரர் துபாயில். திருடனுக்குப் பயந்து வாசல் பல்பை அணைக்காமலே விட்டுப் போயிருந்தார். அது எரிந்துகொண்டிருந்தது. மங்கும், தெளியும், மறுபடி மங்கும், யாரோ மூச்சு விடுவது போல. பயத்தை மறைக்கச் சிரித்தேன்.

“பெரியவருக்கு கறண்டு பில்லு அனுப்பிருவோம்க்கா.”

செல்வனும் சிரித்தான். “இன்வெர்ட்டரா இருக்கும் அண்ணே. நான் ஏறுதேன்.”

பேய் இல்லை, இன்வெர்ட்டர். படித்தவன் பதில்தான். ஆனால் ஆளில்லாத வீட்டில் இன்வெர்ட்டரை யார் ஓடவிட்டுப் போவார்கள்? மனசு அரித்தது. அவனை நிறுத்தக்கூடத் தோன்றாமல், அந்த வீட்டு வெளிச்சுவருக்குப் போய், லைனிலிருந்து மீட்டருக்கு வரும் வயர் முனையில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. இன்வெர்ட்டர் வீட்டுக்குள் மட்டும்தான் கரண்ட் கொடுக்கும், அங்கே எரியாது. கரண்ட் கம்பி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

“ஏலே, தொடாத! எறங்கு!”

அவன் கைக்கும் கம்பிக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

சரிவுக்குக் கீழே ஒரு கல்யாண வீடு. வாடகை ஜெனரேட்டரை, லைனைத் துண்டிக்காமல் அப்படியே வீட்டு வயரிங்கில் கொடுத்திருந்தார்கள். அந்தக் கரண்ட் திரும்பி லைனுக்குள் ஏறியிருந்தது. அறுந்த துண்டில் இருந்தவை அந்த வீடும் பூட்டிய வீடும் மட்டும்தான்; ஜெனரேட்டர் ஏறி இறங்க, பல்பும் மங்கித் தெளிந்தது. ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன். பல்பு அணைந்தது. செல்வன் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டான்.

புஷ்பம் அக்கா மெதுவாகக் கேட்டார். “அப்போ பேயில்லியா மக்கா?”

“இல்லக்கா. ஆனா கொல்லத்தான் நின்னுச்சி.”

பியூஸ் என் பையில் இருந்தது உண்மை. டிரான்ஸ்ஃபார்மர் கரண்ட் நின்றது என்பதற்குத்தான் அது சாட்சி. கம்பியில் கரண்ட் இல்லை என்பதற்கு அல்ல. இரண்டும் ஒன்று என்று நினைத்தது என் மடத்தனம். அக்கா சொன்ன காரணம் தப்பு, கண்டது சரி. நாங்கள் இரண்டையும் சேர்த்துச் சிரித்துத் தள்ளினோம். இப்போது யார் பேய் பார்த்தேன் என்றாலும், எங்கே, எப்படி என்று முதலில் கேட்கிறேன். சிரிப்பதென்றால் பிறகு சிரித்துக்கொள்ளலாம்.