நாலு குளிர் தாங்கும் கோட்டு

புறங்கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, ஜன்னல் சட்டத்தின் ஓரமாகவே மெல்ல நகர்த்திக்கொண்டு போகிறாள் எறும்பக்கா. உள்ளங்கைக்குச் சுரணை போதாது என்பது அவள் கட்சி. ஓரிடத்தில் சுரீரென்று குளிர் பட்டதும் கை நிற்கிறது. "இங்கதான் ஒளிஞ்சிருக்கியா?" என்று காற்றிடம் கேட்டுவிட்டு, காதில் செருகியிருக்கும் சாக்பீஸை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு போடுகிறாள். மரங்கள் இலையை உதிர்க்கத் தொடங்கினால் ஞாயிறுதோறும் இந்தச் சோதனை நடக்கும். சட்டம், நிலை, கதவடி என்று வீடெங்கும் வெள்ளைக் கோடுகள். கோடு விழுந்த இடமெல்லாம் அடுத்த ஞாயிறுக்குள் அடைபட்டிருக்கும்.

பஸ் டிப்போவில் இருக்கை தைப்பது அவள் வேலை. கிழிந்த சீட்டின் உறையை உரித்து, நைந்துபோன ஸ்பாஞ்சை மாற்றி, புது உறை தைத்துப் போர்த்த வேண்டும். உலகத்தை அளக்க அவளிடம் இருக்கும் ஒரே அளவுகோலும் பஸ் சீட்டுதான். துணிக்கடையில் போய் "ரெண்டு சீட்டு முதுகு அளவுக்குக் குடுங்க" என்று கேட்டுக் கடைக்காரரை முழிக்க வைப்பாள். வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி வந்துவிடுவாள். கதவடிக்குத் திண்டு, ஜன்னலுக்குத் திரை, தண்ணீர்க் குழாய்க்குச் சட்டை எல்லாம் அந்தத் துண்டுகளில்தான். எல்லாமே நீலத்தில் மஞ்சள் கோடு. அவள் கணவர் பேக்கரி வேன் ஓட்டுகிறார். சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம் வாசலில் நின்று, "டிக்கெட் எடுக்கணுமா, பாஸ் காட்டினா போதுமா?" என்பார். "நின்னுக்கிட்டே போறதா இருந்தா இலவசம்" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள் அவள்.

எறும்பக்கா என்பது டிப்போவில் வைத்த பெயர். அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆப்பிள்களை ஒவ்வொன்றாகப் பழைய செய்தித்தாளில் சுற்றி, கைக்குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் பெட்டியில் அடுக்குவாள். நைந்த காலுறைக்குள் வெங்காயத்தைப் போட்டு, இடையிடையே முடிச்சுப் போட்டு உத்தரத்தில் தொங்க விடுவாள். வேண்டும்போது ஒரு முடிச்சை வெட்டினால் ஒரு வெங்காயம் விழும். மெழுகுவர்த்தி எரிந்து தீர்ந்தால் அடிக்கட்டைகளைச் சேர்த்து உருக்கி மறுபடி ஒரு மெழுகுவர்த்தி ஆக்குவாள். மதியச் சாப்பாட்டில் பாதியை எப்போதும் மூடி வைத்துவிடுவாள். ஏன் என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: "வரும்போது பாத்துக்கலாம்னு சொன்னா, அது வந்துடும். நாமதான் பாத்துக்க மாட்டோம்."

இந்த வருடம் சின்ன அறையில்தான் கோடுகள் அதிகம். அதுவரை சாமான் போட்டு வைத்திருந்த அந்த அறைக்கு ஓர் ஆள் வரப்போகிறது. பிள்ளை இல்லாத அவர்கள் இருவரும் குழந்தைகள் காப்பகத்தில் கேட்டிருந்தார்கள். வெகுநாள் காத்திருப்புக்குப் பிறகு அங்கிருந்து கூப்பிட்டார்கள். எட்டு வயதுப் பெண். "இந்தக் குளிர்காலம் முழுக்க உங்க வீட்டுல இருக்கட்டும். ரெண்டு பக்கமும் ஒத்துப்போனா அப்புறம் பேசலாம்" என்றார் காப்பகத்து மேடம். ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த குழந்தை என்பதையும் சொன்னார். ஏன் திரும்பி வந்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நாத்தனார் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். "குளிர் முடிஞ்சு கூட்டிட்டு வரலாமே அண்ணி? புள்ளைக்குச் சளி, காய்ச்சல்னு வந்தா யாரு பாக்குறது? ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க."

"குளிர்லதானே வீடு வேணும்" என்று சொல்லிவிட்டு, எறும்பக்கா ஜன்னல் இடுக்கில் ஸ்பாஞ்சைத் திணித்துக்கொண்டே இருந்தாள்.

கோட்டு ஒன்றுதான் சிக்கலாக இருந்தது. பார்த்திராத பிள்ளைக்கு எப்படி அளவு எடுப்பது? வேலை முடிந்து வரும் வழியில் பள்ளிக்கூட வாசலில் நின்று, வெளியே வரும் எட்டு வயதுப் பிள்ளைகளைக் கண்ணால் அளந்தாள். "சீட்டு முதுகுக்கு மேல நாலு விரல்" என்று முடிவு செய்தாள். பழைய துணிக் கடையில் தேடி நல்ல கெட்டிக் கம்பளியில் ஒன்று எடுத்து, உள்துணி மாற்றி, பித்தான்களை இறுக்கித் தைத்து ஆணியில் மாட்டினாள். தன் கண் அளவு தப்பாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

தப்பிவிட்டது. வந்த பெண் ஒரு குச்சி. கோட்டுக்குள் அவளைத் தேட வேண்டியிருந்தது. கை எங்கே இருக்கிறது என்று கணவர் கோட்டுக் கையைக் குலுக்கிப் பார்த்தார். "உள்ள ஆள் இருக்கா?" என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. எறும்பக்காவுக்கு முகம் வாடிவிட்டது. அன்று மாலையே கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கத்தரிக்கோலை எடுக்கவில்லை. மிச்சத் துணி அத்தனையையும் உள்பக்கமாக மடித்துத் தைத்தாள். எதிரில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த சிறுமி, அந்த வீட்டில் தன் முதல் கேள்வியைக் கேட்டாள்.

"ஏன் வெட்டாம மடிக்கிறீங்க?"

"வெட்டிட்டா போச்சு. மடிச்சு வெச்சா, நீ வளர வளரப் பிரிச்சு விட்டுக்கலாம். நாலு குளிர் தாங்கும்."

"ஒரு குளிருக்குத்தானே வந்திருக்கேன்?"

"கோட்டுக்கு அது தெரியாதில்ல" என்றாள் எறும்பக்கா.

சில வாரங்கள் போயின. சிறுமி சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள், கேட்டால் மட்டும் பேசினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சின்ன அறையின் சுவரோரம் மறுபடி குளிர் அடிக்கிறதே என்று பார்ப்பதற்காகக் கணவர் கட்டிலை இழுத்தார். மெத்தை நகர்ந்தது. மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே ரொட்டித் துண்டுகள். சில கல்லாகிக் கிடந்தன, சிலவற்றில் பச்சைப் பூஞ்சை. ஒரு மூலையில் எலி கொறித்த பொடி. "அடக் கடவுளே, என்னம்மா இது!" என்று சத்தம் போட்டுவிட்டார். கோபத்தில் இல்லை, திடுக்கிட்டுப் போய்த்தான். ஆனால் அவர் குரல் என்னவோ பெரிய குரல்.

எறும்பக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள், சிறுமி வாசல் கதவருகே நின்றிருந்தாள். கோட்டு போட்டு, பித்தான் மாட்டி, காலணி அணிந்து, வந்த அன்று கொண்டுவந்த பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அழவில்லை.

"மேடத்துக்குப் போன் பண்ணிடுங்க. நான் ரெடி."

"எதுக்கு?"

"அந்த வீட்டுலயும் இதுக்குத்தான் அனுப்புனாங்க."

பசியா, திருட்டா என்று அந்த இன்னொரு வீட்டில் என்னவெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று எறும்பக்காவுக்குத் தோன்றியது. வாயைத் திறந்து ஆறுதல் சொல்ல அவளுக்கு எப்போதும் வராது. "இங்க வா" என்று மட்டும் சொல்லி, சிறுமியின் கோட்டுக் கையைப் பிடித்து, தன் கட்டிலுக்குப் பக்கத்தில் அழைத்துக்கொண்டு போனாள். மண்டியிட்டுக் குனிந்து, அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தாள். அது தரையைக் கீறிக்கொண்டு வந்தது. மூடியைத் திறந்தாள்.

சர்க்கரை, உப்பு, தீப்பெட்டிகள், தேயிலை, டப்பா டப்பாவாக பிஸ்கட். போன வருடம் யாரோ பரிசாகக் கொடுத்து, கணவர் வீடெல்லாம் தேடி அலுத்துப்போன சாக்லேட் பெட்டியும் அதில் இருந்தது.

"இத்தனை வருஷமா நான் மளிகைக் கடை மேலயா படுத்திருந்தேன்?" என்றார் அவர், வாயைப் பிளந்தபடி.

"நீங்க சும்மா இருங்க."

சிறுமி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். எறும்பக்காவைப் பார்த்தாள். "இதெல்லாம் எதுக்கு?"

எறும்பக்காவிடம் அதற்கு எத்தனையோ பதில்கள் உண்டு. பனி விழுந்து சாலை அடைபடும், கடை திறக்காது, விலை ஏறும். நாத்தனாரிடம் ஒப்பிப்பது அதைத்தான். அன்று சொன்னது வேறு.

"தெரியல. இருந்தாத்தான் தூக்கம் வருது."

"எனக்கும்" என்றாள் சிறுமி.

கணவர் குனிந்து, பெட்டியிலிருந்த பிஸ்கட் டப்பா ஒன்றைக் காலி செய்தார். உள்ளே துடைத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து நீட்டினார். "இது உன்னோடது. எலி எட்டிப் பாக்காது. நாங்களும் பாக்க மாட்டோம். ரொட்டிக்கு என்னைக் கேளு. நான் என்ன வேன்ல மணலா ஏத்திட்டுப் போறேன்?" சிறுமி டப்பாவை வாங்கிக்கொண்டாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து காலணியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவளே அவிழ்க்கட்டும் என்று இருவரும் நின்றார்கள்.

குளிர் வந்தது. சொல்லிக்கொள்ளும்படியான குளிர்தான். குழாய்கள் உறைந்த வீடுகள் தெருவில் உண்டு. எறும்பக்கா வீட்டுக் குழாய், நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக ஓடியது. பார்க்க வந்த நாத்தனார் முதலில் கோட்டைக் கழற்றவில்லை. பிறகு கழற்றினாள். பிறகு கால்களை நீட்டிக்கொண்டு, "உங்க வீட்டுல மட்டும் குளிரே இல்லையே அண்ணி" என்றாள், குறை சொல்வதுபோல. சிறுமி அவளிடம் போய், "டிக்கெட் எடுத்தீங்களா?" என்று கேட்டாள். கணவர் சிரித்த சிரிப்பில் நாத்தனார் பயந்தே போனாள்.

டிப்போவில் சீட்டுகள் மலைபோல் குவிந்திருந்தன. விறைத்த விரல்களால் ஊசி பிடிக்க முடியாமல், ஒருநாள் காலையில் எறும்பக்கா கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டாள். ஏதோ தட்டுப்பட்டது. காகிதத்தில் சுற்றி, நான்காக மடித்திருந்தது. பிரித்தாள். இரண்டு பிஸ்கட். சிறுமியின் பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. ஒன்றில் ஓரம் லேசாக உடைந்திருந்தது.

பக்கத்து மேசையில் தைத்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்னக்கா, அடுத்த குளிருக்கு எடுத்து வெக்கப் போறீங்களா?"

சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எறும்பக்கா, தைத்துக்கொண்டிருந்த சீட்டில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு பிஸ்கட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்று முடித்தாள். காகிதத்தில் ஒட்டியிருந்த தூளையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.